மைட்ரல் வால்வின் எக்கோ ஆய்வு

இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் வடிவத்தையும் அசைவையும் மீயொலி அலைகளால் கண்டு நோயைக் கணிக்கும் முறை. இதய எக்கோ பரிசோதனையே இந்த வால்வுக்காகப் பிறந்தது எனலாம்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் ஒட்டிச் சுருங்கிய வால்வை விரலால் பிரித்துவிடும் அறுவை சிகிச்சை 1950 வாக்கில் பரவிவந்தது. கசியும் வால்வில் அதைச் செய்தால் கேடே மிஞ்சும். ஆனால் சுருக்கமா கசிவா என முன்கூட்டி அறிய அப்போது நம்பகமான வழி இருக்கவில்லை. சுவீடனின் லுண்ட் நகர இதய மருத்துவர் இங்கே எட்லரின் கவலை இதுதான். அவரும் இயற்பியலர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்தின் உள்வெடிப்பைக் காணும் மீயொலிக் கருவியை மால்மோ கப்பல் கட்டுந்தளத்தில் சோதித்தனர். பிறகு சீமென்ஸ் இரவல் தந்த கருவியால் 1953 அக்டோபரில் இதய அசைவைப் பதிவுசெய்தனர்.

சுருங்கிய வால்வு உள்ளவர்களின் பதிவில் ஒரு கோடு மெதுவாகவே சரிந்தது. அது மேலறையின் முன்சுவர் என்றே முதலில் எண்ணினார்கள். அலை சென்ற திசையை மார்பில் குறித்துவைத்து, இறந்த நோயாளிகளின் உடலில் அதே திசையில் கூரான கம்பியைச் செலுத்திப் பார்த்த எட்லர், அது வால்வின் முன்னிதழைத் தொடுவதைக் கண்டார். இந்தத் துறையின் அடித்தளமே அந்தச் சரிபார்ப்புதான்.

1970களில் இருபரிமாணப் படம் வந்தபின் வால்வின் வாயையே திரையில் அளக்க முடிந்தது. இயல்பான வாயின் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். டாப்ளர் முறையால் இரத்த வேகத்திலிருந்து அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடும் வழியை நார்வேயின் லிவ் ஹாட்லே குழுவினர் நிலைநாட்டினர்.

படம் தெளிந்ததால் பிழையும் பெருகியது. வால்வின் இதழ் மேலறைப் பக்கம் பிதுங்கும் நோய் இருப்பதாக, நலமாயிருந்த பலருக்கும் முத்திரை விழுந்தது. வால்வு வளையம் தட்டையானது என்ற அனுமானமே காரணம். அது குதிரைச் சேணம்போல் வளைந்தது என்பதைப் பாஸ்டனில் ராபர்ட் லெவின் குழுவினர் 1980களின் இறுதியில் முப்பரிமாண மீளமைப்பால் காட்டினர். நான்கு அறைகளும் தெரியும் வெட்டில் வளையத்தின் தாழ்ந்த புள்ளிகளே விழுவதால், இயல்பான இதழும் பிதுங்கியதுபோல் தோன்றும். இன்று நீள்அச்சு வெட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் பிதுங்கினால்தான் நோய் எனக் கொள்கிறார்கள். ஆரோக்கியமானவர்களை வீண் அச்சத்திலிருந்து மீட்ட இந்தத் திருத்தம், புதுக் கருவிகள் பலவற்றைவிடப் பெரிய சாதனை.

சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை வந்ததும் வால்வின் வடிவத்துக்கு மதிப்பெண்ணும் வந்தது. 1988இல் வெளியான வில்கின்ஸ் அளவை, இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்புப் படிவு, வால்வுக்குக் கீழுள்ள நாண்களின் தடிப்பு ஆகிய நான்குக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் தரும். மொத்தம் 8க்குள் இருந்தால் பலூன் நல்ல பலன் தர வாய்ப்பு அதிகம்.

கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், ஸ்டெதஸ்கோப் காட்டியதைப்போல் சுமார் பத்து மடங்கு ருமாட்டிக் வால்வுப் பாதிப்பை எக்கோ காட்டியது. இத்தகைய ஆரம்பப் பாதிப்பை இனங்காணும் அளவுகோல்களை உலக இதயக் கூட்டமைப்பு 2012இல் வெளியிட்டு, 2023இல் திருத்தியது.