கடுக்காய் ஜாடி

போன சனிக்கிழமை விடாத மழை. வீட்டில் இருந்தால் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வரும் என்று மகளை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். (அனுமதி இலவசம் என்பதும் ஒரு காரணம்!) மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள், நீலமும் மஞ்சளுமாய் இலையும் பூவும் வரைந்த ஜாடிகள்.

"அப்பா, ஆயா வீட்டு ஜாடி மாதிரியே இருக்கு!" என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் அவள் சொன்னது ரொம்பத் தப்பில்லை.

இவை பழைய இத்தாலிய மருந்துக்கடை ஜாடிகள். பெயர் அல்பரெல்லோ. சிரியா, பாரசீகம் பக்கம் பிறந்த வடிவம். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் குயவர்கள் இதில் கை தேர்ந்துவிட்டார்கள். பார்க்கப் பீங்கான் மாதிரி இருந்தாலும் சாதா மண்தான். ஒருமுறை சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி, படம் வரைந்து, மறுபடி சூளையில் வைப்பார்கள். இடுப்பு ஒடுங்கியிருப்பது அலமாரியில் நெருக்கி அடுக்கினாலும் விரல் நுழைத்து எடுக்க. வாய் விளிம்பு வெளியே நீண்டிருப்பது தோலோ துணியோ போட்டுக் கட்ட. நம்மூரில் வேடு கட்டுவோமே, அதேதான்!

புளோரன்ஸில் 1288இல் தொடங்கிய சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரி, 1430-31இல் ஜூந்தா தி தூஜோ என்ற குயவரிடம் ஏறக்குறைய 1000 மருந்து ஜாடிகள் வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் முத்திரை ஊன்றுகோல். அந்த ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.

சரி, அந்தக்கால மருந்துக்கடைகளில் என்னென்ன இருந்தன? இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிரபோலானி என்று ஐந்து வகைக் காய்கள். அதில் மூன்று, வெவ்வேறு பருவத்தில் பறித்த கடுக்காய். மற்ற இரண்டு தான்றிக்காயும் நெல்லிக்காயும். அதாவது நம்ம திரிபலா! வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். சர்க்கரைப் பாகில் ஊறவைத்தும் விற்றார்கள்.

கடுக்காயின் அறிவியல் பெயரில் உள்ள 'செபுலா', காபூல் நகரத்திலிருந்து வந்தது. மரம் வளர்ந்த காட்டை விட்டுவிட்டு, சரக்கு வந்த வழியின் பெயரை வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் மேட்டூரை அடுத்த கொளத்தூர். மைசூர் ரோட்டில் போனால் பாலாறு வரும். (வேலூர் பாலாறு வேறு, இது காவிரியில் கலப்பது.) தாண்டினால் மாதேஸ்வரன் மலை. 1956 வரை அது கோயமுத்தூர் ஜில்லா, பிறகு மைசூர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் அந்தக் காட்டில் கடுக்காயும் நெல்லியும் காய்க்கின்றன. தலைமுறை தலைமுறையாய் அவற்றைப் பொறுக்கியவர்கள் சோளகர்கள்.

இத்தாலிக்குப் போனது எங்கள் மலைக் கடுக்காய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் குயவருக்குப் பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு முத்திரை இருக்கிறது, வியாபாரிகளின் ஊர்கூட நிலைத்துவிட்டது. காய் பொறுக்கியவர் பெயர் எந்த ஜாடியிலும் இல்லை.

அம்மா ஜாடியிலும்தான் இல்லை. ராத்திரி கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலக்கித் துரத்தித் துரத்திக் கொடுப்பார். யார் கொண்டுவந்தது என்று நான் கேட்டதே இல்லை. இனி கேட்க அம்மாவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு போன் போட்டேன்.

"அம்மாவோட ஜாடியைத் தூக்கிப் போட்டுடாதடா."

"ஏண்ணா போடறோம்? உப்பு போட்டு வெச்சிருக்கோம்."

அப்பாடா!