இடம்பெயர்ந்தோர் வீட்டுத் தேவை: புத்தளத்தில் வடபுல முஸ்லிம்கள்

போரால் இடம்பெயர்ந்து, ஊர் திரும்பும் நம்பிக்கையோடு வாழ்வோருக்கு வீட்டுத் தேவை இரண்டு இடங்களில் எழுகிறது: அடைக்கலம் புகுந்த ஊரில் ஒன்று, விட்டுவந்த காணியில் மற்றொன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. யாழ்ப்பாணம், மன்னார் உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். சில மாதங்களுக்கென வேய்ந்த கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்தபோது ஒரு குடும்பம் பல குடும்பங்களானது; தேவையான வீடுகளும் பெருகின. 2007-இல்தான் உலக வங்கியின் நிதியில் அவர்களுக்கான பெரிய வீடமைப்புத் திட்டம் தொடங்கியது.

நிரந்தர வீடு கட்டிக்கொடுத்தால் வெளியேற்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும், ஊர் திரும்பும் உரிமை மங்கிவிடும் என்ற அச்சம் இத்தகைய திட்டங்களைச் சூழ்ந்தே இருக்கிறது. அது நியாயமான அச்சம்தான். ஆனால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் குறித்த ஐ.நா.வின் 1998 வழிகாட்டுக் கோட்பாடுகள், உறைவிடம் பெறுவதையும் விரும்பித் திரும்புவதையும் தனித்தனி உரிமைகளாகவே கூறுகின்றன. ஒன்றைப் பெற மற்றொன்றைத் துறக்க வேண்டியதில்லை. ஒழுகும் கூரை ஊர்ப்பற்றைக் காப்பதில்லை. உடல்நலத்தையும் பிள்ளைகளின் படிப்பையும்தான் கெடுக்கிறது.

திரும்புவதற்குத் தடை புத்தளத்து வீடல்ல, வடக்கிலுள்ள காணியின் நிலையே. 2009-இல் போர் முடிந்து சென்றவர்கள் இடிந்த வீடுகளையும், காடு மண்டிய நிலங்களையும், பிறர் குடியிருந்த வளவுகளையும் கண்டனர். மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களின் நிலம் 2012-இல் வர்த்தமானி அறிவித்தல் மூலம் வனமாக்கப்பட்டது. பத்தாண்டு தொடர்ந்து ஆண்டால் உரிமை கோரலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டமும் இடம்பெயர்ந்தோருக்குப் பாதகமாயிருந்தது. அதைச் சீர்செய்யும் சிறப்புச் சட்டம் 2016-இல்தான் வந்தது.

ஒரே குடும்பத்துக்கு இரண்டு வீடா என்று கேட்பதுண்டு. இழந்த வீட்டுக்கான ஈடும், இழப்பின்போது தந்த அடைக்கலமும் ஒன்றல்ல. வரவேற்ற ஊரின் ஏழைகளுக்கும் வீடும் குடிநீரும் பள்ளியும் சேர்த்துத் தந்தால் மனக்கசப்பும் குறையும். தங்கும் ஊரில் உறுதியான கூரை, பிறந்த ஊரில் காணி உறுதி: இரண்டும் கையில் இருக்கும்போதுதான் திரும்புவதா தங்குவதா என்பதை அம்மக்களே தீர்மானிக்க முடியும்.