எல்லைக்கல் தேடிய கதை

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பழைய சர்வே கல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

இது ஜியோகேஷிங்கில் ஆரம்பித்தது. 2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகனில் ஒருவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு மறைத்து வைத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடியுங்கள் என்று விளையாட்டு. பிறகு சிலர் வாளியை விட்டுவிட்டு, அரசு பதித்து வைத்த நில அளவைக் குறிகளைத் தேட ஆரம்பித்தார்கள். நானும் அந்தக் கட்சி.

முதலில் போனது பரங்கிமலை. உச்சியில் வில்லியம் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. 1802 ஏப்ரலில் சென்னையில் அவர் அளந்த அடிக்கோடு, சுமார் ஏழரை மைல், அதிலிருந்துதான் இந்தியா முழுக்க முக்கோணங்கள் விரிந்தன. அளந்த எஃகுச் சங்கிலி நூறு அடி, இரண்டரை அடி நீளத்தில் நாற்பது கண்ணிகள். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்று சொல்லி, கல்கத்தாவில் விலைக்கு வந்த சங்கிலி அது!

முக்கோணம் போட ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை தெரிய வேண்டும். மலை இருந்தால் கவலையில்லை. காவிரிச் சமவெளியில் எங்கே போவது? பார்த்த பக்கமெல்லாம் தென்னை, பனை. லாம்டன் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் போய் மோதியது. அதன் பெரிய வட்டம் வளைந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். இவர் ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து ஆறு வாரம் போராடி, வட்டத்தை ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்த ராத்திரிகளில் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

அந்தத் தஞ்சையிலிருந்து வடக்கே வந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் ஏலாக்குறிச்சி. வெளியூர்க்காரர்களுக்கு வீரமாமுனிவரின் அடைக்கல மாதா கோயில். எனக்கு அப்பாவின் நஞ்சை.

அப்பாவுக்கு இருபது வருஷமாக ஒரே பேச்சு. "பெரியப்பன் வீட்ல வரப்ப வெட்டி வெட்டி நம்ம பக்கம் தள்ளிட்டானுவ." மூலையில் இருந்த கல்லையும் காணோம். இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்குப் பத்திரிகை போகும், ஆள் போகாது.

"கல்லு கல்லுன்னு ஊரு ஊரா சுத்துறியே, நம்ம கல்ல கண்டுபுடி" என்றார் ஒருநாள். கையில் போன் இருக்கிறதே என்ற நினைப்பு அவருக்கு. போன் ஜிபிஎஸ் மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும். இங்கே சண்டை ஒன்றரை அடிக்கு!

இதற்கெல்லாம் புலப்படம்தான். பணம் கட்டி சர்வேயரை வரவழைத்தோம். நிற்கிற இரண்டு கற்களை முதலில் சரிபார்த்தார். புலப்படத்தில் அவற்றிலிருந்து காணாமல் போன மூலைக்கு எவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் டேப்பை அந்த நீளத்துக்கு இழுத்து வளைத்தால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மூலை. லாம்டன் கோணத்தை அளந்தார், இவர் நீளத்தை அளக்கிறார். முக்கோணம் அதேதான்.

சோழர் காலத்தில் தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டியதாகச் செப்பேடுகள் சொல்கின்றன. ஏன் யானை என்று முன்பு யோசித்திருக்கிறேன். அன்று வரப்பில் கூடிய கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஊரே பார்க்க வேண்டும், அதற்குத்தான்.

சர்வேயர் காட்டிய இடத்தில் கடப்பாரை போட்டதும் ணங்கென்றது. முக்கால் அடி ஆழத்தில் கல், லேசாகச் சாய்ந்து. யாரும் பிடுங்கவில்லை. வண்டல் ஏறி மூடியிருக்கிறது.

ஆனால் கல் இருந்தது எங்கள் வரப்புக்குள்ளே. ஒன்றரை அடி நகர்ந்திருந்தது உண்மைதான். நகர்ந்தது அவர்கள் பக்கம். இத்தனை வருஷமாக அவர்கள் நிலத்தில் உழுதுகொண்டிருந்தது நாங்கள்.

யாரும் பேசவில்லை. பெரியப்பா மகன்தான், "விடுங்க சித்தப்பா, மழையில கரையுறதுதானே" என்றார். அப்பா அவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, எழுபத்தாறு வயதில், புது வரப்புக்கு முதல் மண்ணை அவரே அணைத்தார். நான் கல்லை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். என் சேகரிப்பில் இதற்கு வரிசை எண் போடவில்லை.