இரும்பு நேர்மின்முனைகளின் வரலாறும் ஓசூர் – கிருஷ்ணகிரித் தொழில்மண்டலமும்

முன்னுரை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதி இன்று மின்வாகன உற்பத்தியின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக விளங்குகிறது. மின்வாகனத்தின் விலையில் பெரும்பங்கு மின்கலத்தைச் சார்ந்தது. மின்கலத்தின் விலை நேர்மின்முனைப் பொருளைப் பெரிதும் சார்ந்தது. நிக்கல், கோபால்ட் ஆகியவற்றுக்கு மாற்றாக மலிவான இரும்பை அம்முனையில் பயன்படுத்தும் முயற்சியின் வரலாற்றையும், அவ்வரிசையில் வந்த இரும்பு ஃபுளூரைடு இம்மண்டலத்து ஆலைகளை இன்னும் எட்டாமைக்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லைப்புறத் தொழில் வளர்ச்சி

1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில்வளாகம் அமைத்ததை அடுத்து, 1980இல் அசோக் லேலண்ட் ஆலை அங்கு இயங்கத் தொடங்கியது. டிவிஎஸ் மொபெட்டும் அதே காலத்தில் அங்கிருந்தே வெளிவந்தது. இவ்வாகனத் தொழில் மரபின் மீதே மின்வாகனத் தொழில் எழுந்தது. 2021இல் ஏத்தர் எனர்ஜி தன் உற்பத்தியைப் பெங்களூருவிலிருந்து ஓசூருக்கு மாற்றியது. அதே ஆண்டில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை போச்சம்பள்ளியில் உருவானது. எனினும் மின்கலத் தயாரிப்பு பின்னரே வந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 2018 ஜூனில் ராசி சோலார் நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் லித்தியம் அயனி மின்கல ஆலை அமையும் என அறிவிக்கப்பட்டது. 2023இல் ஓலா தன் மின்கல ஆலையின் கட்டுமானத்தைத் தொடங்கியது. அதன் முதல் மின்கலங்கள் நிக்கல் சார்ந்தவை.

இரும்பின் வழி

இரும்பு ஆக்சைடுகள் தரும் மின்னழுத்தம் குறைவு என்பதே தொடக்கத் தடையாக இருந்தது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், ஜான் குட்இனஃபுடன் இணைந்து இத்தடையை நீக்கும் வழியைக் கண்டார். 1989இல் இவர்கள் இரும்பு சல்பேட்டில் 3.6 வோல்ட் பெற்றனர். எதிரயனி எலக்ட்ரான்களை வலுவாக ஈர்க்குமாயின் இரும்பின் மின்னழுத்தம் உயரும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1997இல் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு அவ்வழியில் வந்ததே. அதன் கோட்பாட்டு மின்கொள்ளளவு கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணி.

ஃபுளூரைடும் அதன் தடைகளும்

தனிமங்களுள் எலக்ட்ரானை மிக வலுவாக ஈர்ப்பது ஃபுளூரின். இரும்பு டிரைஃபுளூரைடின் ஒவ்வோர் இரும்பணுவும் மூன்று எலக்ட்ரான்களை ஏற்குமாயின் கிராமுக்கு 712 மில்லிஆம்பியர்-மணி கிட்டும். இது பாஸ்பேட்டைவிட நான்கு மடங்கு மிகுதி. ஆனால் 1997இல் ஜப்பானின் ஹஜிமே அராய் குழுவினர் பெற்றது ஏறத்தாழ 80 மட்டுமே. ஃபுளூரைடு மின்கடத்தும் திறன் அற்றது என்பதே அடிப்படைக் குறை. 2003இல் அமெரிக்காவில் கிளென் அமட்டூச்சி குழுவினர் அதனை நுண்துகளாக்கிக் கரிமத்துடன் கலந்து, 70 செல்சியசில் ஏறத்தாழ 600 பெற்றனர்.

இரு சிக்கல்கள் எஞ்சின. முதலாவது, மின்னேற்ற அழுத்தத்திற்கும் மின்னிறக்க அழுத்தத்திற்கும் இடையிலான பெரும் வேறுபாட்டால் ஏற்படும் ஆற்றல் இழப்பு. இரண்டாவது, இப்பொருளில் லித்தியம் இல்லாமை. இன்றைய வணிக மின்கலங்களில் லித்தியம் நேர்மின்முனைப் பொருளோடுதான் உள்ளே வருகிறது. எதிர்மின்முனை வெறும் கிராஃபைட்டு. ஃபுளூரைடைப் பயன்படுத்தினால் எதிர்மின்முனையே லித்தியத்தைக் கொணர வேண்டும். ஆகவே பொருளை மட்டும் மாற்றுவது போதாது. உற்பத்தி முறையையே மாற்ற வேண்டும்.

முடிவுரை

பாஸ்பேட்டு வழக்கமான கிராஃபைட்டுடன் இணைந்தமையால் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ஃபுளூரைடு அவ்வாறு இணையாமையால் ஆய்வகத்திலேயே நின்றது. ஆகவே மின்முனைப் பொருளின் வெற்றியை மின்கொள்ளளவு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது பெறப்படும். ஓசூர் – கிருஷ்ணகிரி மண்டலத்தில் வாகனம் முதலிலும் மின்கலம் பின்னரும் வந்தன. மின்முனைப் பொருள் ஆய்வு இன்னும் காரைக்குடி, சென்னை போன்ற ஆய்வு மையங்களைச் சார்ந்தே உள்ளது. இவ்விடைவெளி குறையும் அளவிலேயே இரும்பின் வழி இம்மண்டலத்திற்குப் பயன் தரும்.