கட்டளைச் சாளர நகலெடுப்பு

கட்டளைச் சாளர நகலெடுப்பு என்பது கட்டளை வரிச் சாளரத்தில் தோன்றும் எழுத்துகளைக் கிளிப்போர்டு வழியாகப் பிற செயலிகளுக்குக் கொண்டுசெல்லும் முறை. திரையில் தேர்ந்தெடுத்து எடுத்தல், வெளியீட்டை நேரடியாக அனுப்புதல் என இது இருவகைப்படும். முதல் வகையில், கன்ட்ரோல்+சி இயங்கும் நிரலை நிறுத்தும் விசையாக இருந்ததால், பழைய விண்டோஸில் ‘மார்க்’ என்னும் கட்டளை மூலம் பகுதியைக் குறித்து என்டர் விசையை அழுத்த வேண்டியிருந்தது. தேர்வு செவ்வகமாக அமைந்ததால், மடிந்த நீண்ட வரிகள் ஒட்டும்போது துண்டுபட்டன. 2015இல் வெளியான விண்டோஸ் 10, வரிவாரித் தேர்வையும் கன்ட்ரோல்+சியால் நகலெடுக்கும் வசதியையும் சேர்த்தது. இரண்டாம் வகையில், ‘டிர் | கிளிப்’ என்னும் கட்டளை கோப்புப் பட்டியலைத் திரையில் காட்டாமலே கிளிப்போர்டில் இடும். மேக் கணினியில் இப்பணிக்கு ‘பிபிகாப்பி’ உள்ளது. லினக்ஸ் முனையங்கள் பலவற்றில், தேர்ந்தெடுத்த பகுதியை நகலெடுக்கக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி பயன்படுகிறது. நீண்ட பிழைச்செய்திகளை எழுத்துப் பிசகின்றிப் பதிவுசெய்ய இம்முறை இன்றியமையாதது.