பப்பாசிக்காய் ஆய்வுகூடம் போன கதை

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டுப் பக்கம் போனால், கிணற்றடித் தண்ணி பாயும் இடத்தில் ஒரு பப்பாசி நிற்பதைக் காணலாம். பிள்ளைத்தாச்சி அதன் காயைத் தொடக்கூடாது, பிள்ளை தங்காது என்பது வன்னியில் எந்த அம்மம்மாவும் சொல்லும் கதை. பிள்ளை இப்போதைக்கு வேண்டாம் என்கிற பெண்ணுக்கு அதே காய் கைமருந்தாகவும் சொல்லப்பட்டது. ஆதிகாலத்து அறிவு போலத் தெரிந்தாலும், இந்தப் பேச்சு மரம் வந்த பிறகு பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். பப்பாசி ஆசியாவுக்கு வந்தே ஐந்நூறு வருசம் ஆகவில்லை.

அதன் தாய்வீடு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். காய்ந்த விதை லேசானது, கப்பலில் கெடாது. ஸ்பானியர் அதைக் கொண்டுதிரிந்தார்கள். கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், இந்தப் பழம் ஸ்பானிய அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியாக இந்தியா வந்ததாக எழுதிவைத்தார். அவருடைய நூல் வெளிவந்தது 1596இல். 1626இல் இந்தியாவிலிருந்து விதை நேப்பிள்ஸ் நகருக்குப் போனது. அமெரிக்கச் செடி ஐரோப்பாவுக்குக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறது!

பச்சைக்காயின் தோலைக் கீறினால் வெள்ளைப் பால் சொட்டும். பழுக்கப் பழுக்க அது வற்றிவிடும். அந்தப் பாலில் இருக்கும் பப்பெயின் புரதத்தை வெட்டும் நொதியம். குளிரூட்டிய பியர் கலங்காமல் இருக்க அதைச் சேர்க்கலாம் என்று 1911இல் அமெரிக்காவில் வோலர்ஸ்டைன் காப்புரிமை எடுத்தார்; இறைச்சியை மென்மையாக்கவும் அது உதவியது. இரண்டாம் உலகப்போருக்கு முன் இந்தச் சரக்கை ஏற்றுமதி செய்வதில் இலங்கை முன்னணியில் நின்றது. விடியற்காலையில் காயைக் கீறிப் பாலெடுத்து உலர்த்துவார்கள். இரும்புக் கத்தி ஆகாது, பால் கறுத்துவிடும்.

கருத்தடை ஆய்வில் பப்பாசியை முந்தியது அதன் ஊர்க்காரனான ஒரு கிழங்கு. மெக்சிகோவின் காட்டுவள்ளி ஒன்றிலிருந்து ஹோர்மோன் செய்யலாம் என்று வேதியியலாளர் ரசல் மார்க்கர் காட்டினார். 1951இல் மெக்சிகோ நகரின் சின்டெக்ஸ் கம்பனியில் நோரெதிஸ்தரோன் என்ற செயற்கை ஹோர்மோன் உருவானது. நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பும் மாத்திரைகளுக்கு அது வழி திறந்தது.

பப்பாசியின் முறை பிறகு வந்தது. பப்பெயின் கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்தரோனை மட்டுப்படுத்துகிறது என்ற கருத்து 1993இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து செய்தியானது. எனக்கு இதில் தயக்கம் உண்டு. பப்பெயின் வெட்டுவது புரதத்தை. புரொஜெஸ்தரோன் புரதமே அல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அடெபியி, அடைக்கன், பிரசாத் ஆகியோர் 2002இல் வெளியிட்ட எலி ஆய்வு இன்னும் தெளிவானது. கர்ப்பிணி எலிகள் பழச்சாற்றை வேண்டியமட்டும் குடித்தன. கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பச்சைக்காய்ப் பால் பட்டதும் கருப்பைத் தசை, பிரசவ வலியைத் தூண்டும் ஒக்சிரோசின் பட்டதுபோல் இறுகியது. பழத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை, காயில்தான் கவனம் வேண்டும். அம்மம்மாவின் பேச்சில் பாதி தேறியது.

அந்தப் பாதியும் கருத்தடை அல்ல. கரு உருவான பிறகு கருப்பையை இறுக்குவது பெண்ணின் உயிரோடு விளையாடுவது. காய்க்குக் காய் பாலின் அளவும் மாறும். மீளக்கூடிய கருத்தடை என்று சொல்ல, இத்தனை மில்லிகிராம், இத்தனை நாள், நிறுத்தினால் இத்தனை மாதத்தில் கருத்தரிக்கலாம், பிறக்கும் பிள்ளைக்குக் குறையில்லை என்று ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும்.

அப்படிக் கணக்காக ஒரு சோதனை ராஜஸ்தானில் நடந்தது. லோஹியா குழுவினர் பப்பாசி விதைச் சாற்றை உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் 360 நாள் கொடுத்தார்கள். 90 நாளில் விந்தணு அற்றுப்போனது. நிறுத்தி 150 நாளில் திரும்பி வந்தது. 2002இல் வெளியான அந்த ஆய்வில் மருந்து குடித்தவை ஆண் லங்கூர் குரங்குகள்.