ஈசிஆருக்கு முன்னாடியே ஒரு பாதை

ஈசிஆர்னதும் எல்லாருக்கும் முட்டுக்காடும் மகாபலிபுரமும்தான் ஞாபகம் வரும். அப்புறம் நேரா பாண்டிச்சேரி (ஏன்னு கேக்க மாட்டேன் :-)). நடுவுல விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை ஒண்ணு இருக்கு. எங்க திண்டிவனத்துக்காரங்க சொன்னாத்தான் தெரியும்.

சென்னை - புதுவை கிழக்குக் கடற்கரைச் சாலை 1998-ல் வந்தது. 2002-லிருந்து சுங்கம். அதுக்கு முன்னாடி பாண்டி பஸ்ஸெல்லாம் ஜிஎஸ்டி ரோட்டுல திண்டிவனம் வந்துதான் கிழக்கே திரும்பும்.

அதுக்கும் முன்னாடி? கடலோரப் பாதைன்னா அது தண்ணிப் பாதை. 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்ட ஆரம்பிச்ச கால்வாய் கொஞ்சங் கொஞ்சமா நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்துல, கூலிக்கு மண் சுமந்த ஜனங்கதான் அடையாறையும் கூவத்தையும் இணைச்சாங்க. பேரு மட்டும் ஆளுநர் பக்கிங்காமுக்குப் போச்சு! அந்தக் கால்வாயோட தென்கோடி எது தெரியுமா? நம்ம மரக்காணம். உப்பும் விறகும் படகுல சென்னைக்குப் போன வழி அது.

இன்னும் பின்னாடி போனா சிறுபாணாற்றுப்படை. எழுதின நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இப்ப ஈசிஆர்ல கடப்பாக்கம் வருதே, அந்தப் பக்கம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போற பாணனுக்கு அவர் வழி சொல்றார்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், அப்புறம் கிடங்கில். எயிற்பட்டினம்தான் மரக்காணம்னு அறிஞர்கள் பலர் சொல்றாங்க. கிடங்கில் இன்னிக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கு. அலை கொண்டுவந்து போட்ட அகில் கட்டையை எரிச்சு பரதவப் பெண்கள் கள்ளு காய்ச்சறதும், சுட்ட மீனோட விருந்து வைக்கிறதும் அதுல வருது.

கவனிச்சுப் பாருங்க, அந்தப் பாதை கடலோரமா வந்து உள்நாட்டுக்குத் திரும்புது. ஒவ்வொரு ஊர்லயும் சோறு, உபசாரம். வழிங்கறது ஊர்களைச் சேர்க்கறதுக்கு. ஈசிஆரோ ஊர்களைத் தாண்டறதுக்கு. இப்ப தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகி, நாலு வழியா அகலமாகிட்டு வருது. வேகம் கூடக் கூட, உப்பளமும் 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆன கழுவெளியும் கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைக் கோடாத்தான் தெரியும். ரோடு வேணாம்னு சொல்லலை. ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போற குப்பத்து ஜனங்களுக்கு அதோட அருமை தெரியும்.

அடுத்த தடவை பாண்டி போறப்ப மரக்காணத்துல மேற்கே திரும்பிப் பாருங்க மக்களே. பாணன் நடந்த திசை அதுதான். திண்டிவனம் வந்தா சாப்பாடு நம்ம பொறுப்பு. மீன் உண்டு, கள்ளு கிடையாது :-)